அம்மாவின் நாற்பது பக்க நோட்டு

அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும். அம்மா போன அன்று விடியற்காலை நான் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருக்க, என் மனைவி நேராகப் போய் அதை எடுத்து வந்து பிரித்தாள். முதல் பக்கம், முதல் வரி: "நெஞ்சுல மெசின் இருக்கு. எரிக்கிறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க. மறந்துடாதீங்க." அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

அந்த நோட்டு ஏன் வந்தது என்று சொல்ல, அப்பாவின் சாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்பா பெங்களூர் ஐடிஐ தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அல்சூர் பக்கம் ஜோகுபாளையாவில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. 2017 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காபி கொடுக்கப் போன அம்மா தொட்டுப் பார்த்தபோது உடம்பு ஆறிப் போயிருந்தது. ராத்திரியே போய்விட்டார் என்று பார்த்தாலே தெரிந்தது. ஆனால் மனசு கேட்குமா? ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கேஷுவால்டியில் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு 'ப்ராட் டெட்' என்று எழுதினார்கள். அந்த இரண்டு வார்த்தை ஒரு நாளையே விழுங்கியது. வழியிலேயோ வீட்டிலேயோ இறந்து கொண்டுவரப்பட்டவர் என்றால் அவர்கள் போலீஸுக்குத் தகவல் சொல்ல வேண்டும். காரணம் தெரியாவிட்டால் பிரேதப் பரிசோதனை. ஸ்டேஷன், வாக்குமூலம், மார்ச்சுவரி வாசல் மரத்தடி என்று மாலை நாலு மணி வரை அலைந்தோம். அப்பாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை, நாலு வருஷமாக இதயக் கோளாறு. அவரைத் தொடர்ந்து பார்த்த டாக்டர் ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தால் பாதி நாளில் முடிந்திருக்கும். உயிர் இருக்குமோ என்று துளி சந்தேகம் இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும், அதில் பேச்சே இல்லை. இது, போய் வெகு நேரமாகிவிட்டது என்று கண்ணுக்கே தெரியும் சாவைப் பற்றி.

அடுத்து பணம். அப்பாவின் கணக்கில் பணம் இருந்தது. தனிப் பெயரில் இருந்த கணக்கு, நாமினி நான். நாமினி இருக்கிறதே, என்ன கவலை என்று இருந்துவிட்டோம். நாமினி பணத்தைக் கேட்க இறப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் கைக்கு வருவதற்குள் எல்லாம் எரிந்து சாம்பலாகி அஸ்தியும் கரைத்து முடிந்திருக்கும். பெரியவர் ஒருவர், "ஏடிஎம் கார்டு இருக்குதில்ல, பின் நம்பர் தெரியுமில்ல, போய் எடுத்துட்டு வா" என்றார். இறந்தவர் கார்டில் பணம் எடுப்பது சரியில்லை, பின்னால் கூடப்பிறந்தவர்களுக்குள்ளேயே கேள்வி வரும். கடைசியில் அம்மா கையில் இருந்த இரண்டு வளையலைக் கழற்றித் தந்தாள். சேட்டு கடையில் நாற்பதாயிரம் கிடைத்தது. புருஷன் பிணம் மார்ச்சுவரியில் கிடக்க, பெண்டாட்டி வளையல் அடகுக்குப் போனது. அதை அவள் கடைசிவரை மறக்கவில்லை.

வண்டி, ஐஸ் பெட்டி, பாடை, பூ எல்லாவற்றுக்கும் மார்ச்சுவரி வாசலிலேயே நின்ற ஒரு ஏஜென்ட் பொறுப்பேற்றார். 23,000 ரூபாய் பேச்சு. பில்லில் மேலே 4,140 ரூபாய் சேர்த்திருந்தார். என்ன இது என்றால், "ஜிஎஸ்டி சார், புதுசா வந்திருக்கு" என்றார். ஜிஎஸ்டி அமலுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, யாருக்கு என்ன தெரியும்? கொடுத்தேன். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இறுதிச் சடங்கு, அடக்கம், தகனம், பிணவறை, உடலைக் கொண்டுபோகும் வண்டி ஆகிய சேவைகளை வரிக்கு வெளியே வைத்திருக்கிறார்கள் என்று ரொம்ப நாள் கழித்து ஆடிட்டர் நண்பர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அன்று நாங்கள் முதலில் போன மின்மயானத்தில் அடுப்பு ரிப்பேர். கிளம்பும் முன் ஒரு போன் செய்திருந்தால் தெரிந்திருக்கும். வேறொரு மயானத்துக்கு வண்டியைத் திருப்பியதற்குத் தனிக் காசு. முடியும்போது மணி ஏழரை.

மாலை போட ஒரு படம் கூட உருப்படியாக இல்லை. அக்கா கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்ததில், அப்பாவின் தோள் மேல் யாரோ ஒரு சித்தப்பாவின் முழங்கை இன்றைக்கும் இருக்கிறது.

அம்மா இதையெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். 2019இல் அவளுக்கு இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைத்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று டாக்டர், செல்போனை அந்தப் பக்கச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது, ஸ்கேன் எடுக்கும்போது சொல்ல வேண்டும் என்று வரிசையாக விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா குறுக்கே, "செத்துப் போனா இதை என்னாப் பண்றது டாக்டர்?" என்றாள். அவர் சிரித்துவிட்டார், அப்புறம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு ஒழுங்காகப் பதில் சொன்னார். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. தகன அடுப்பு 800 டிகிரிக்கு மேல் போகும். அந்தச் சூட்டில் மூடிய உறைக்குள் இருக்கும் பேட்டரி வெடிக்கும், அடுப்பின் செங்கல் பெயரும், பக்கத்தில் நிற்கும் ஆளுக்கும் ஆபத்து. எரிப்பதென்றால் முதலில் எடுத்தாக வேண்டும், புதைப்பதென்றால் அந்தக் கவலை இல்லை. அன்று சாயங்காலமே பேரன் பையிலிருந்து அந்த நோட்டை எடுத்துக்கொண்டாள்.

பணத்தை எங்கே வைப்பது என்பதுதான் அவளுக்கு முதல் கேள்வி. பாங்கில் என் பெயரையும் சேர்த்து 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற முறையில் கணக்கை மாற்றினோம். இதில் ஒருவர் போனாலும் மற்றவர் கணக்கை இயக்கலாம், சான்றிதழுக்காகக் கைகட்டி நிற்க வேண்டாம். ஒரு சின்ன ஃபிக்ஸட் டெபாசிட்டும் போட்டாள். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. கூட்டு டெபாசிட்டாக இருந்தாலும், ஒருவர் இறந்தபின் மற்றவர் தவணைக்கு முன்னாலேயே எடுக்க வேண்டுமென்றால் அதற்கான ஒப்புதலை இரண்டு பேரும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் தானாக இதைச் சொல்லவில்லை. கேட்டபிறகு அந்தப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். இப்போது ஒரு கணக்குக்கு நாலு நாமினி வரை போடலாம் என்று 2025 நவம்பரிலிருந்து மாற்றியிருக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் சாவு நாள் செலவுக்கு நாலு நாமினியும் ஆகமாட்டார்கள், கூட்டுக் கணக்குதான் ஆகும்.

இடையில் முன்பணத் திட்டம் ஒன்றையும் விசாரித்தோம். இப்போதே மொத்தமாகக் கட்டிவிட்டால் வண்டியிலிருந்து அஸ்தி வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு என்று சொல்லும் ஏற்பாடு. வீட்டுக்கு வந்த பையன் டை கட்டி, மரியாதையாகப் பேசினான். அம்மா அவனுக்கு காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நான் பொண்ணு வீட்டுக்கு ஓசூர் போயிருக்கும்போது செத்தேன்னா அங்க வருவீங்களாப்பா?"

பெங்களூர் மாநகராட்சி எல்லைக்குள் மட்டும்தான் என்றான்.

"பத்து வருசம் கழிச்சு செத்தா இதே ரேட்டுதானா?"

அடிப்படைச் சேவைக்கு மட்டும் அதே ரேட்டு என்றான். எது அடிப்படை என்று தாளில் இல்லை.

"அதுக்குள்ள உங்க கம்பெனிய மூடிட்டா, என் காசு யாருகிட்ட இருக்கும்?"

அவன் காபியைக் குடித்தான்.

நாங்கள் சேரவில்லை. அதற்காக அந்த ஏற்பாடே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், வயதான இரண்டு பேர் மட்டும் அபார்ட்மெண்டில் என்று பெங்களூரில் எத்தனை வீடு இருக்கிறது! அவர்களுக்குப் பணத்தைவிட, வந்து நிற்கிற ஆள்தான் பஞ்சம். சேருகிறவர்கள் அம்மா கேட்ட மூன்று கேள்விக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். மனசு மாறினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் கேளுங்கள். அப்புறம், நீங்கள் இறந்த செய்தியை அந்தக் கம்பெனிக்குப் போன் செய்து சொல்லப்போவது யார்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் கட்டிய பணம் தண்டம்.

உயில் எழுதுகிறவர்கள் சிலர் ஈமக்கிரியை பற்றிய விருப்பத்தையும் அதிலேயே எழுதிவிடுகிறார்கள். உயிலைப் பெரும்பாலும் காரியம் முடிந்த பிறகுதான் பீரோவிலிருந்து எடுக்கிறோம். அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது, அதனால்தான் நோட்டு அரிசி டிரம் பக்கத்தில்.

டாக்டர் விஷயத்தில் அவள் போட்ட கணக்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். தெருக்கோடி கிளினிக் டாக்டரிடம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கண்டிப்பாகப் போவாள். பிரஷர் சரியாக இருந்தாலும் போவாள். "கடைசியில கையெழுத்துப் போடறவருக்கு என்னைத் தெரிஞ்சிருக்கணும் இல்ல?" என்பாள். வீட்டில் இறந்தால் 4ஏ என்ற படிவத்தில் இறப்புக்கான காரணத்தை எழுதித் தர வேண்டியவர், கடைசி நோயில் பார்த்த டாக்டர். அந்தச் சான்றுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே சொல்கிறது. முன்பின் தெரியாத டாக்டர் தயங்கினால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

2024 நவம்பரில், காலை நாலே முக்காலுக்குத் தூக்கத்திலேயே போனாள். இந்த முறை யாரும் ஓடவில்லை. ஐந்தே முக்காலுக்கு டாக்டர் வந்து பார்த்தார். நோட்டின் இரண்டாவது பக்கத்தில் கண்தானம். 2021இல் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் இறந்து அவர் கண்களைக் கொடுத்தபோது ஊரே எழுதிக் கொடுத்ததே, அப்போது அம்மாவும் ஒரு அட்டையில் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஆனால் அட்டை மட்டும் போதாது, அந்த நேரத்தில் வீட்டார் கண் வங்கியைக் கூப்பிட்டுச் சம்மதம் சொல்ல வேண்டும். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். ஃபேனை நிறுத்தி, தலைக்குத் தலையணை வைத்து, மூடிய இமை மேல் ஈரப் பஞ்சை வைக்கச் சொன்னார்கள். வந்து இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டுப் போனார்கள், முகத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அக்கா ஓசூரிலிருந்து வருவதற்குள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா தாடையைச் சுற்றித் துணி கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, கையை நீட்டி வைத்துவிட்டார். சடங்கு என்று நினைத்திருந்தேன். இரண்டு மூன்று மணி நேரத்தில் உடம்பு விறைக்க ஆரம்பித்துவிடும், அதற்கு முன்னால் செய்தால்தான் உண்டு. மூக்குத்தியையும் அப்போதே கழற்றினார், அது யாருக்கு என்பதும் நோட்டில் இருந்தது. பேஸ்மேக்கரை டாக்டரே எடுத்தார். இடது காரை எலும்புக்குக் கீழே சின்னதாக ஒரு வெட்டு, மூன்று தையல். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய, வழவழப்பான தட்டை உலோகம். ஐந்து வருஷம் அம்மாவோடு இருந்த பொருள், கையில் வாங்கியபோது கனமே இல்லை.

நோட்டு எல்லா இடத்திலும் ஜெயித்தது என்று நினைக்க வேண்டாம். ஐஸ் பெட்டிக்காரர் நம்பர் என்று அவள் எழுதியிருந்த எண்ணுக்குப் போன் செய்தால், மாகடி ரோட்டில் யாரோ ஒரு டைல்ஸ் கடைக்காரர் எடுத்தார். 2019இல் எழுதியது, அதற்குப் பிறகு ஒருவரும் சரி பார்க்கவில்லை. வேறு ஆள் பிடிக்க ஒரு மணி நேரம் போனது.

பெரிய சங்கடம் ஷார்ஜாவில் இருக்கும் தம்பி. அன்றைக்குக் கிளம்பினாலும் மறுநாள் மதியம்தான் வர முடியும். "வைங்கண்ணா, வந்துடறேன்" என்று அழுதான். ஐஸ் பெட்டியில் ஒருநாள் தாராளமாக வைக்கலாம், அதில் தடையில்லை. ஆனால் நோட்டில், "சின்னவன் வர லேட்டானா காத்துக்கிட்டு இருக்க வேணாம். அவன் பதினாறுக்கு வரட்டும். வந்து அழுதா நான் எழுந்து உட்காரப் போறதில்ல" என்று இருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். பத்து நிமிஷம் கழித்து "சரிண்ணா" என்று மட்டும் எழுதினான். அம்மாவின் கையெழுத்தில் இல்லாமல் நான் வாயால் சொல்லியிருந்தால், இந்தப் பேச்சு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஆயுசுக்கும் நின்றிருக்கும்.

கல்பள்ளி மின்மயானத்துக்குக் காலையிலேயே போன் செய்து அடுப்பு ஓடுகிறதா என்று கேட்டு, மூன்று மணிக்கு நேரம் வாங்கினோம். எங்கள் சந்துக்குள் வண்டி வராது, முனைவரை நாலு பேர் தூக்கினோம். அடுப்பு பார்த்துக்கொள்பவர் தமிழ்க்காரர். ஆதாரையும் டாக்டர் தாளையும் மயானப் பதிவேட்டில் பதிந்துகொண்டு, "உள்ள பேட்டரி கீட்டரி ஏதாவது இருக்குதாண்ணா?" என்றார். எடுத்தாகிவிட்டது என்றதும் தலையசைத்து, பிளாஸ்டிக் மாலையை மட்டும் தனியே எடுத்து வைக்கச் சொன்னார். பட்டு வேண்டாம், பழைய நூல் புடவை போதும் என்று அம்மா எழுதியிருந்தாள். நைலான் துணி என்றால் உருகி ஒட்டும், நூல் சட்டென்று பிடிக்கும்.

கொள்ளிக்குடம் உடைத்து, நெஞ்சில் கற்பூரம் வைத்தோம், நானும் அக்காவும். தண்டவாளம் மாதிரி இரண்டு கம்பி மேல் தள்ளுவண்டி. இரும்புக் கதவு மேலே எழும்ப, உள்ளே ஆரஞ்சுச் சிவப்பு. வண்டி உள்ளே போய், மூங்கில் படுக்கையோடு அம்மாவை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பி வந்தது. கதவு இறங்கியது. மொத்தமே பத்து விநாடி இருக்கும். விறகுச் சிதை பார்த்துப் பழகிய மாமா, "இவ்வளவுதானா?" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். விறகுக்கு 400, 500 கிலோ அடுக்கி, ராத்திரி முழுக்க எரிய விட்டு, மறுநாள் பால் தெளித்து எலும்பு பொறுக்குவது நம் பழக்கம். இங்கே ஒன்றரை மணி நேரத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். கையில் வந்தது நான் நினைத்த கரி நிறத் தூள் இல்லை, வெளுத்த எலும்புத் துண்டுகள். சதையும் நீரும் புகையாகப் போக, சூட்டுக்கு மிஞ்சுவது எலும்பின் கால்சியம்தான். பானையோடு தூக்கினால் இரண்டு, மூன்று கிலோ. அடியில் சூடு இன்னும் இருந்தது, துண்டை மடித்துப் பிடித்துக்கொண்டேன்.

அஸ்தியை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பஸ்சிமவாகினியில் கரைத்தோம், 1948இல் காந்தியின் அஸ்தியில் ஒரு பங்கு கரைத்த அதே காவிரித் துறை. அப்பாவையும் அங்கேதான் விட்டோம். போகும் முன் கட்டணத்தைப் பேசிவிட்டு இறங்குங்கள், வேறொன்றும் சொல்வதற்கில்லை.

இறப்புப் பதிவை 21 நாளுக்குள் செய்துவிட வேண்டும், தாண்டினால் தாமதக் கட்டணம். ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரை போகும். எங்கே இறந்தாரோ அங்கேதான் பதிவு, எங்கே எரித்தோம், சொந்த ஊர் எது என்பதெல்லாம் கணக்கில் இல்லை. ஓசூரில் இறந்திருந்தால் ஓசூரில்தான் போய் நிற்க வேண்டும். நம்மவர்களுக்கு இங்கே ஒரு தனிக் கண்டம் இனிஷியல். அம்மாவின் ஆதாரில் அது பெயருக்குப் பின்னால், பாங்க் புத்தகத்தில் முன்னால், பென்ஷன் தாளில் அப்பா பெயர் முழுசாக. எதையோ ஒன்றைச் சொல்லிப் பதிந்துவிட்டால் பிறகு திருத்த அலைய வேண்டும். அம்மா இதையும் உயிரோடு இருக்கும்போதே அஃபிடவிட் போட்டு நேராக்கியிருந்தாள். சான்றிதழ் பத்துப் பிரதி வாங்கினேன், எட்டு செலவாகிவிட்டது.

அவள் ஒதுக்கி வைத்தது 60,000 ரூபாய். அன்றைய செலவு 31,450. மயானத்தில் கட்டியது அதில் சில நூறுதான், வண்டியும் ஐஸ் பெட்டியும் பூவும் பந்தலும் மீதி. பெருஞ்செலவு பதினாறாம் நாள் சாப்பாடு. எரிக்க ஆகும் காசை ஊரெல்லாம் பேசுவார்கள், இலைக்கு ஆகும் காசை யாரும் பேச மாட்டார்கள். "நூறு பேருக்கு மேல வேணாம். அப்பாவுக்கு முன்னூறு பேருக்குப் போட்டு என்ன கண்டோம்" என்று எழுதியிருந்தாள். நூற்று நாற்பது இலை விழுந்தது. யார் எவ்வளவு போடுவது என்ற பேச்சு மட்டும் இந்த முறை வரவில்லை. இறந்தவர் சொத்திலிருந்து நியாயமான ஈமச்செலவை மற்றக் கடன்களுக்கெல்லாம் முன்னால் கொடுக்க வேண்டும் என்று 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம், 320ஆவது பிரிவே சொல்கிறது. கடன் வாங்கிக் காரியம் செய்துவிட்டு அண்ணன் தம்பி முகத்தைத் தூக்கிக்கொள்கிற வீடுகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

படத்துக்கும் அவளே ஒன்று எடுத்து வைத்திருந்தாள், ஸ்டூடியோவுக்குத் தனியாகப் போய். கனகாம்பரம் வைத்து, லேசாகச் சிரித்தபடி. போட்டோவின் பின்னால், "ஃபிரேம் போட்டாச்சு, காசு குடுத்தாச்சு."

போன தையில் நானும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி எழுதி, அதே அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். மனைவியிடம் சொன்னதற்கு, "இதையெல்லாம் என்கிட்ட காட்டாதீங்க" என்று எழுந்து போய்விட்டாள். இரண்டு வாரம் கழித்து ஐஸ் பெட்டிக்காரர் நம்பரைச் சரி பார்க்கலாமென்று எடுத்தால், நடுப்பக்கத்தில் சிவப்பு மையில் அவள் கையெழுத்து: "நீலச் சட்டை போட்டோ வேண்டாம். தொப்பை தெரியுது. வேற எடுங்க."